மல்ட்டிமீட்டருக்குச் சிக்காத 75 ஓம்

கேபிள் டிவிக்காரர் மொட்டைமாடி வழியாக இழுத்துவிட்டுப் போகும் கறுப்பு ஒயரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆர்ஜி-6 என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் கூடவே 75 ஓம் என்றும் இருக்கும். ஓம் என்றதும் கை தானாக மல்ட்டிமீட்டருக்குப் போகிறது. நடுக்கம்பியில் ஒரு முனை, வெளிப்பின்னலில் ஒரு முனை வைத்தால் மீட்டர் கையை விரித்துவிடும், இணைப்பே இல்லையாம். மறுகோடியில் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டு வைத்தால் ஏதோ ஓரிரு ஓம் காட்டும். 75 எங்கேயும் கிடைக்காது. இதில் இன்னொரு வேடிக்கை, பத்து மீட்டர் துண்டுக்கும் 75தான், நூறு மீட்டர் சுருளுக்கும் 75தான். நீளம் கூடினால் தடை கூட வேண்டாமா?

இந்தச் சந்தேகம் வராமல், அந்த 75-க்குப் பாடப்புத்தகப் பெயரான கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸின் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பாடப்புத்தகம் நேராக ஒரு வர்க்கமூலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஒரு மீட்டர் கேபிளின் இண்டக்டன்ஸை (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) அதே ஒரு மீட்டரின் கெப்பாசிட்டன்ஸால் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் குணம்) வகுத்து வர்க்கமூலம் எடு, விடை ஓமில் வரும், முடிந்தது. சரிதான். ஆனால் அந்த ஓம் எதனுடைய ஓம் என்று யாரும் சொல்வதில்லை.

வோல்டேஜ் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் இருந்தால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 20 மீட்டர் ஆர்ஜி-6 எடுத்துக்கொள்ளுங்கள். மறுகோடி எதனோடும் சேராமல் சும்மா கிடக்கட்டும். இந்தப் பக்கம் உள்தடை 50 ஓம் உள்ள பல்ஸ் ஜெனரேட்டர், திறந்த நிலையில் 5 வோல்ட் தருவது. அதே இடத்தில் ஸ்கோப்பின் ப்ரோப். பொத்தானைத் தட்டியதும் திரையில் 5 வோல்ட் வருவதில்லை. 3 வோல்ட்டுக்கு ஏறி, அங்கேயே ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கிறது. சுமார் 160 நானோ நொடி கழித்து 5.4-க்குத் தாவுகிறது. அப்புறம் 4.92-க்கு இறங்கி, அப்படியே ஆடி ஆடி 5-ல் அடங்குகிறது.

அந்த முதல் படிதான் விஷயம். மறுகோடியில் ஒன்றுமே இல்லை, மின்னோட்டம் போக வழியே இல்லை, அப்படியிருக்க 5 வோல்ட் ஏன் 3 ஆகக் குறைய வேண்டும்? ஏனென்றால் அந்த 160 நானோ நொடியில் மறுகோடி திறந்திருக்கிறது என்ற சேதி இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. அலை இன்னும் கேபிளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. போகிற வழியில் ஒவ்வொரு மீட்டரின் கெப்பாசிட்டன்ஸையும் 3 வோல்ட்டுக்கு நிரப்ப வேண்டும், ஒவ்வொரு மீட்டரின் இண்டக்டன்ஸிலும் மின்னோட்டத்தை நிலைநிறுத்த வேண்டும். இதற்காக ஜெனரேட்டர் 40 மில்லி ஆம்பியர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 3 வோல்ட்டை 40 மில்லி ஆம்பியரால் வகுங்கள், 75 ஓம். 5 வோல்ட் 50 ஓமுக்கும் 75 ஓமுக்கும் இடையே பங்காகி 3 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அலை நடந்துபோகும்போது அதன் வோல்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் இது. கேபிள் நூறு மீட்டராக இருந்தால் படியின் அகலம் கூடும், உயரம் மாறாது.

மறுகோடியில் 100 ஓம் கார்பன் ப்ரீசெட் (திருகித் தடையை மாற்றும் சிறு உறுப்பு) ஒன்றை மாட்டி ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் இன்னும் நன்றாகத் தெரியும். கம்பி சுற்றிய பொட்டன்ஷியோமீட்டர் வேண்டாம், அதற்கே இண்டக்டன்ஸ் இருக்கிறது. ப்ரீசெட்டைத் திருப்பத் திருப்ப இரண்டாவது படி ஏறும், இறங்கும். ஓரிடத்தில் படியே காணாமல் போய், 3 வோல்ட்டில் நேர்கோடாக ஓடும். அலை முழுவதையும் ப்ரீசெட் வாங்கிக்கொண்டது, திரும்பி வர மிச்சம் எதுவும் இல்லை. அதைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் வைத்தால் 75-ஐ ஒட்டி ஓர் எண் வரும்.

முடிவில்லாத நீளமுள்ள கேபிளாக இருந்தால் மல்ட்டிமீட்டரே 75 காட்டும் என்று சில புத்தகங்கள் சொல்லும். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நிஜக் கேபிளில் செம்பின் தடையும் உண்டு, காப்பின் வழியே மிகச் சிறிய கசிவும் உண்டு. முழுச் சூத்திரத்தில் இண்டக்டன்ஸோடு தடையும், கெப்பாசிட்டன்ஸோடு கசிவும் சேர்ந்திருக்கும். மல்ட்டிமீட்டர் அனுப்புவது டிசி. அதற்கு இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் பொருட்டே அல்ல. தடையைக் கசிவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் மிஞ்சும். கசிவு அவ்வளவு குறைவு என்பதால் விடை 75-க்குப் பக்கத்தில்கூட வராது. அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஏறிய பிறகுதான் தடையையும் கசிவையும் மறந்துவிட்டு எளிய வர்க்கமூலத்தோடு நிம்மதியாக இருக்கலாம்.

முழுச் சூத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதர் ஆலிவர் ஹெவிசைடு. 1850-ல் லண்டனில் பிறந்தவர், 16 வயதோடு பள்ளியை விட்டவர், நியூகாசிலில் தந்தி ஆபரேட்டராக இருந்து 1874-ல் அந்த வேலையையும் உதறிவிட்டு, அப்புறம் வேறு வேலைக்கே போகாதவர். அவருக்கு முன்பு வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, 1850-களில் கடலடிக் கேபிளுக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தார். அதில் தடையும் கெப்பாசிட்டன்ஸும் மட்டும்தான் உண்டு. 1858-ல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் கேபிளில் விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. மந்தமான அந்தக் கேபிளில் ஒயிட்ஹவுஸ் என்ற எலக்ட்ரீஷியன் 2000 வோல்ட் வரை ஏற்றிப் பார்த்தார், சில வாரங்களில் கேபிளே செத்துப்போனது. ஹெவிசைடு அந்தக் கணக்கில் இண்டக்டன்ஸையும் கசிவையும் சேர்த்தார். சேர்த்ததும் ஒரு வினோதம் வெளிப்பட்டது. தடைக்கும் இண்டக்டன்ஸுக்கும் உள்ள விகிதமும், கசிவுக்கும் கெப்பாசிட்டன்ஸுக்கும் உள்ள விகிதமும் சமமாக இருந்தால், குரலின் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் போகும், பேச்சு குழறாது. அதற்கு லைனில் வேண்டுமென்றே இண்டக்டன்ஸைக் கூட்ட வேண்டும். பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர்களில் ஒருவரான வில்லியம் பிரீஸ் இதை ஏற்கவே இல்லை, 1887-ல் இதைச் சொல்லும் ஹெவிசைடின் கட்டுரை வெளிவராமலும் தடுத்தார். கடைசியில் அமெரிக்காவில் மைக்கேல் பூப்பின் என்ற இயற்பியலாளர் 1900-ல் காப்புரிமை வாங்கி, தொலைபேசி லைன்களில் வழி நெடுகச் சுருள்கள் மாட்டப்பட்டன. பணம் அவருக்குப் போனது. இம்பீடன்ஸ் என்ற பெயரைச் சூட்டிய ஹெவிசைடு ஏழையாகவே இருந்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்கோப் இல்லாமலேயே, ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்துக்கொண்டு 75-ஐக் கண்டுபிடிக்கலாம். ஆர்ஜி-6 துண்டை பிளேடால் நேராக வெட்டினால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். நடுக்கம்பியின் விட்டம் 1.02 மில்லிமீட்டர். அதைச் சுற்றியிருக்கும் வெள்ளை நுரையின் வெளிவிட்டம் 4.57 மில்லிமீட்டர். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 4.48. அதன் இயல் மடக்கை, கால்குலேட்டரில் எல்என் பொத்தான், கிட்டத்தட்ட 1.5. அதை 60-ஆல் பெருக்கினால் 90. இது இடையில் வெறும் காற்று இருந்தால் வரும் எண். இங்கே இருப்பது நுரைத்த பாலித்தீன், அதன் டைஎலக்ட்ரிக் மாறிலி (காற்றைவிட எத்தனை மடங்கு கெப்பாசிட்டன்ஸ் தரும் என்ற எண்) ஏறத்தாழ 1.45, வர்க்கமூலம் 1.204. 90-ஐ 1.204-ஆல் வகுத்தால் 74.7.

எனக்கு இதில் பிடித்தது அந்த நுரைதான். கெட்டிப் பாலித்தீனாக இருந்திருந்தால் மாறிலி 2.25, வர்க்கமூலம் 1.5, விடை 60 ஓம் என்று ஆகியிருக்கும். 60-ஐ 75 ஆக்குவது பிளாஸ்டிக்குக்குள் அடைத்த காற்றுக் குமிழி. கேபிளைச் சுவரில் பதிக்கும்போது கிளிப்பை ஓங்கி அடித்து நசுக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருவது இதனால்தான். நசுங்கிய இடத்தில் விட்டமும் குறைகிறது, காற்றும் போய்விடுகிறது. இரண்டுமே எண்ணை ஒரே பக்கம், கீழே, இழுப்பவை. படம் தெரியும், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை.

அதே 1.204 வேகத்தையும் சொல்லிவிடும். ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் நொடிக்கு 24.9 கோடி மீட்டர். 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்ப 160 நானோ நொடி, மேலே திரையில் பார்த்த படியின் அகலம். இன்னொரு குறுக்குவழியும் உண்டு. கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டர் இருந்தால் 20 மீட்டர் சுருளுக்கு சுமார் 1.07 நானோ ஃபாரட் காட்டும், மீட்டருக்கு 53.5 பைக்கோ ஃபாரட். இதை வேகத்தோடு பெருக்கித் தலைகீழாக்கினால் மறுபடியும் 75.

கெப்பாசிட்டன்ஸ் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்க, இண்டக்டன்ஸை அதே மாதிரி அளக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். மறுகோடியைச் சேர்த்துவிட்டு, இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸில் பார்த்தால், மீட்டருக்கு 0.3 மைக்ரோ ஹென்றி வர வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமாக வரும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் போதும். நடுக்கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பெரும்பாலான ஆர்ஜி-6 ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது இரும்பு, மேலே செம்புப் பூச்சு. சாட்டிலைட் அதிர்வெண்களில் மின்னோட்டம் அந்தப் பூச்சுக்குள்ளேயே ஓடிவிடும், 100 மெகாஹெர்ட்ஸில் அது செம்புக்குள் இறங்கும் ஆழம் 6.6 மைக்ரோமீட்டர்தான். 1 கிலோஹெர்ட்ஸில் இரும்பு வரைக்கும் போகிறது, இரும்பின் காந்தத்தன்மை இண்டக்டன்ஸை ஏற்றிவிடுகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அந்த அதிர்வெண்ணில் அது வேறொரு கேபிள், அவ்வளவுதான்.

அந்த 60 எங்கிருந்து வந்தது? வெற்றிடத்துக்கே ஓர் இம்பீடன்ஸ் உண்டு, 376.73 ஓம். அதை 2π-ஆல், அதாவது 6.283-ஆல், வகுத்தால் 59.96. அதாவது கேபிளில் நாம் செய்வதெல்லாம் பிரபஞ்சம் கொடுத்த 60-ஐ, விட்டங்களின் விகிதத்தை வைத்துக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் தள்ளுவதுதான். தள்ளும் கருவியோ லாகரிதம், மேலே பார்த்த அதே மடக்கை. அது சரியான கஞ்சன், நாம் எவ்வளவு கொட்டினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் திருப்பித் தரும். 1 மில்லிமீட்டர் கம்பியை நடுவில் வைத்து, சுற்றிலும் காற்று, வெளியே ஒரு குழாய் என்று வைத்துக்கொள்வோம். 300 ஓம் வேண்டுமா? குழாயின் விட்டம் 15 சென்டிமீட்டர். 600 வேண்டுமா? 22 மீட்டர். 1000 ஓம் வேண்டுமென்றால் 17 கிலோமீட்டர் விட்டமுள்ள குழாய், தாம்பரம் ஊரையே உள்ளே போட்டு மூடலாம்.

உலகத்தில் உள்ள லைன்கள் எல்லாம் ஏன் ஒரே சின்னப் பட்டைக்குள் அடங்கிக் கிடக்கின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் இதுதான். அளவுக் கருவிகளிலும் வயர்லெஸ் செட்களிலும் 50, டிவி கேபிள் 75, கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள் 100, பழைய டிவி ரிப்பன் 300, ரயில் பாதையோரக் கம்பங்களில் ஓடிய தொலைபேசிக் கம்பி 600-ஐ ஒட்டி. கம்பிகளுக்கு இடையே இருக்கும் தூரம் மில்லிமீட்டரிலிருந்து அடிக்கணக்கு வரை மாறியும், ஓம் கணக்கில் பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் நகரவில்லை.

இதற்குள் 50, 75 என்ற இரண்டு எண்கள் ஏன் தேர்வாயின என்பதற்கு ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். காற்றுக் கேபிளில் வெளிவிட்டத்தை மாற்றாமல் நடுக்கம்பியை மட்டும் தடித்ததாகவும் மெல்லியதாகவும் மாற்றிப் பார்த்தால், இழப்பு மிகக் குறைவது விகிதம் 3.59-ல், அதாவது 77 ஓமில். அதிகச் சக்தியைத் தாங்குவது விகிதம் 1.65-ல், 30 ஓமில். இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்ததுதான் 50 என்பது ஒரு கதை. கணக்கில் தப்பில்லை. ஆனால் 77-ஐக் கெட்டிப் பாலித்தீனின் 1.5-ஆல் வகுத்தாலும் 51 வருகிறது. சமரசமே இல்லாமல், இழப்பு குறைந்த கேபிளே 50 பக்கம்தான் வந்து நிற்கும். எனக்கு இதுதான் பிடித்த கதை.

300 ஓம் ரிப்பனை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தூர்தர்ஷன் காலத்தில் ஆன்டெனாவிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கிய தட்டை ஒயர். தென்கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாகினியைப் பிடிக்கக் கம்பம் மேல் கம்பம் கட்டியவர்கள் வீட்டிலும் அதேதான். யாகி ஆன்டெனாவில் அலையைப் பிடிக்கும் கம்பியான மடித்த டைப்போல், சாதா டைப்போலின் 73 ஓமை நான்கு மடங்காக்கி 292 ஓமில் நிறுத்தும், அதற்குப் பொருத்தமாக 300. படத்தில் கோஸ்ட், அதாவது நிழல் உருவம், தெரிந்தால் ஒயரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். கணக்குப் போட்டால் ஒயர் பாவம். திரையின் ஒரு வரி இடமிருந்து வலம் ஓட 52 மைக்ரோ நொடி. 20 மீட்டர் ஒயரில் ஒருமுறை போய்வந்த எதிரொலி 21 அங்குல டிவியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் தள்ளி விழும், ஓரங்கள் கொஞ்சம் மசங்கும், அவ்வளவே. முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளித் தெரிந்தால், அலை ஏதோ மலையிலோ கட்டடத்திலோ பட்டு ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள்.

இதே 60, இதே லாக், 400 கிலோவோல்ட் கோபுரங்களிலும் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இதன் பெயர் சர்ஜ் இம்பீடன்ஸ். நெடுஞ்சாலையில் போகும்போது கவனித்தால், பெரிய கோபுரங்களில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரு கம்பி இல்லாமல் இரண்டு கம்பிகள், இடையிடையே ஸ்பேசர் போட்டு, ஜோடியாக ஓடுவது தெரியும். நம் நாட்டில் இந்த வேலைக்கு அதிகம் புழங்கும் கம்பிக்கு மூஸ் என்று பெயர். அலுமினிய இழைகள், நடுவில் எஃகு இழைகள், விட்டம் 31.77 மில்லிமீட்டர். ஜோடிக்கு இடையே 45 சென்டிமீட்டர்.

ஃபேஸ்கள் ஒரே மட்டத்தில் 11 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மூன்று இடைவெளிகளின் (11, 11, 22) பெருக்கல் சராசரி 13.86 மீட்டர். ஒற்றை மூஸ் என்றால் இதைக் கம்பியின் ஆரத்தால் வகுத்து, லாக் எடுத்து, 60-ஆல் பெருக்கினால் 406 ஓம். இம்பீடன்ஸ் குறைந்தால்தான் லைன் அதிகம் சுமக்கும். எனவே அலுமினியத்தை இரட்டிப்பாக்கி ஒரே தடித்த கம்பியாகப் போட்டால்? 385. லாக் தன் புத்தியைக் காட்டிவிட்டது, இரு மடங்கு உலோகத்துக்கு 21 ஓம். அதே உலோகத்தை இரண்டாகப் பிரித்து 45 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், மின்புலத்துக்கு அது 8.45 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒற்றைக் கம்பி மாதிரி தெரிகிறது. நடுவில் இருப்பது வெறும் காற்று. விடை 306. கம்பிக்குள்ளேயே இருக்கும் கொஞ்சம் இண்டக்டன்ஸையும் சேர்த்தால் 310-ஐத் தொடும். கஞ்சனிடமிருந்து நூறு ஓமைக் கறந்தது இரண்டாவது கம்பிகூட இல்லை, இடைவெளிதான். கொரோனா இழப்பு, அதாவது கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் மின்சாரம் கசிந்து வீணாவது, குறைவது தனி லாபம்.

400 கிலோவோல்ட்டின் வர்க்கத்தை 310-ஆல் வகுத்தால் சுமார் 515 மெகாவாட். இரட்டை மூஸ் லைனின் இயல்புச் சுமை என்று மின்துறைக் கையேடுகளில் இருக்கும் எண்ணும் இதுதான். ப்ரீசெட்டை 75-ல் நிறுத்தியபோது படி மறைந்த மாதிரி, இந்தச் சுமையில் லைன் தனக்கு வேண்டிய ரியாக்டிவ் சக்தியை (வேலை எதுவும் செய்யாமல் போய்வரும் சக்தி) தானே ஈடுகட்டிக்கொள்ளும், கோடி முதல் கோடி வரை வோல்டேஜ் சமமாக நிற்கும்.

மின்னல் அடித்தாலும் இதே எண்தான் தலைவிதியை எழுதும். 20,000 ஆம்பியர் மின்னல் ஒரு ஃபேஸ் மேல் நேராக விழுந்தால் இரண்டு பக்கமும் பத்துப் பத்தாயிரமாகப் பிரியும். 10,000-ஐ 310-ஆல் பெருக்கினால் 31 லட்சம் வோல்ட். அது ஓடிப்போய், திறந்து கிடக்கும் பிரேக்கரில் மோதினால் இரட்டிப்பாகும், மறுகோடி திறந்த நம் 20 மீட்டர் ஆர்ஜி-6-ல் நடந்ததேதான். அதனால்தான் துணைமின் நிலையத்தில் லைன் நுழையும் வாசலிலேயே, மிகையான வோல்டேஜைத் தரைக்கு இறக்கிவிடும் அரெஸ்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

தொல்லை மின்னலோடு போவதில்லை. 515 மெகாவாட்டுக்குக் கீழே சுமை இறங்கினால் லைன் பெரிய கெப்பாசிட்டராக மாறும். இரட்டை மூஸ் கிலோமீட்டருக்கு அரை மெகாவாருக்கும் (மெகாவார், ரியாக்டிவ் சக்தியின் அலகு) சற்று மேல் உற்பத்தி செய்யும், 300 கிலோமீட்டருக்கு 160-க்கு மேல். கடைசிக் கோடியில் வோல்டேஜ், அனுப்பிய இடத்தைவிட ஏறி நிற்கும். பாதியை விழுங்கக் கோடிகளில் ரியாக்டர் என்ற பெரிய சுருளை மாட்டுகிறார்கள். மழை பெய்து, பம்புசெட்டும் ஏசியும் நின்ற நடு இரவில் அதுவும் போதாமல் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போனால், மின் கட்டமைப்பை மேற்பார்க்கும் லோடு டிஸ்பாட்ச் சென்டரிலிருந்து உத்தரவு வரும், ஒரு பழுதும் இல்லாத லைனைத் திறந்து வைத்துவிட்டு விடியற்காலையில் மறுபடி சேர்ப்பார்கள்.